சூசையப்பரை எடுத்துவிடச் சொன்னேன்

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் வழிபாட்டில் என் கையிலிருந்த மெழுகுவர்த்தி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. பக்கத்தில் நின்றிருந்த என் அக்கா பிலோமினா, "என்னடா சூசை, நெனப்பு எங்க இருக்குது?" என்று அடிக்குரலில் கடிந்துகொண்டாள். விரல் நுனிகள் மரத்திருந்தன. பகலெல்லாம் லாரி டேஷ்போர்டுக்குள் கையை விட்டு ஒயர் இழுத்ததன் மதமதப்பு என்று நினைத்தேன். கோவிலை விட்டு வெளியே வரும்போது உள்ளங்கால்களிலும் அதே மதமதப்பு இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவன். சூசைராஜ் என்பது முழுப்பெயர். வயது நாற்பத்தாறு. பட்டறைச் சுவரில் ரம்பமும் உளியுமாக நிற்கும் சூசையப்பர் படம் ஒன்று உண்டு. மாதாவின் கணவரான அவரைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாவலர் என்று எங்கள் சபையில் சொல்வார்கள். ஷட்டரைத் தூக்கியதும் அவருக்கு ஓர் ஊதுபத்தி, நெற்றியில் ஒரு சிலுவை அடையாளம், பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன். சாவி தொலைந்தால் அந்தோனியார், தொண்டை கட்டினால் பிளேசியார், தூரப் பயணம் என்றால் கிறிஸ்தோபர் என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு புனிதர் இருந்தார். அண்டை வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவதுபோல் அவர்களைக் கூப்பிட்டுப் பழகியிருந்தோம்.

என் மனைவி சாந்தாமணி ஜேடர்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் பிஷப்பான ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோவிலில்தான் தாலி கட்டினேன். ஆனால் அவள் ஞானஸ்நானம் பெறவில்லை. நான் கேட்டதும் இல்லை. எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பக்கம் மாதா சுரூபம், மறுபக்கம் அவளுடைய கருப்பணசாமியின் திருநீற்றுத் தட்டு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் நானும் மகள் ஸ்டெல்லாவும் செபமாலை சொல்லும்போது சாந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். ஒரு நாளும் வாய் திறந்து ஒரு செபம் சொன்னதில்லை.

புதன்கிழமை ஒரு லாரிக்கு அடியிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை. டிரைவர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். பக்கத்து கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் முன்பு ஒரு விசேஷத்தில் சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் கிடந்ததைச் சொன்னேன். அதனால் வந்த களைப்பாக இருக்கும் என்றார்கள். வியாழன் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். முழங்கால்கள் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஓடி வந்தாள் சாந்தாமணி.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"காலு எங்க இருக்குதுன்னே தெரியலை சாந்தா."

சிரிப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லும்போதே வாய் ஒரு பக்கம் கோணியது. அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவளுடைய தம்பி, ஸ்டெல்லாவைத் தன் வீட்டில் விட்டுவிட்டு, காரில் எங்களைச் சேலத்துக்கு ஏற்றிப்போனான்.  நான் மனசுக்குள் ஒவ்வொரு புனிதராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். எந்த வியாதி என்று தெரியாததால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அந்தத் திகைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

சேலத்தில் நரம்பு டாக்டர் ஓர் அம்மா. சின்னச் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் எகிறவில்லை. கணுக்காலில் தட்டினார், முழங்கையில் தட்டினார். எங்கும் ஒரு துள்ளலும் இல்லை. பிறகு என் தோளில் கைவைத்து, "நல்லா மூச்சை இழுத்து, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்றார். இருபத்து நான்கு வரை எண்ணினேன். அவர் சீட்டில் குறித்துக்கொண்டார். எதற்கு இந்த விளையாட்டு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுத்தார்கள். கை கால் நரம்புகளில் சின்னச் சின்ன மின்சாரம் வைத்து, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று ஒரு மிஷினில் பார்த்தார்கள். மாலையில் டாக்டர் வந்து உட்கார்ந்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும். ஒயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்குல்ல, அதுமாதிரி நரம்பு மேலயும் ஒரு உறை இருக்கு. வயித்துப்போக்கு வந்தப்ப, உங்க உடம்பு அந்தக் கிருமியோட சண்டை போட்டுச்சு. கிருமி போனப்புறமும் சண்டையை நிறுத்தாம, தன்னோட நரம்பு உறையையே எதிரின்னு நெனச்சு உரிச்சுட்டிருக்கு. கிலன் பாரேன்னு பேரு."

"கரண்ட் போகாதுங்களா?"

"உறை திரும்ப வளரும். பெரும்பாலானவங்க எழுந்து நடந்துருவாங்க. ஆனா உரியறது நிக்கணும். அதுக்குள்ள மூச்சு விடற தசைக்கும் அது ஏறிடக் கூடாது. அதான் எண்ணச் சொல்றேன். எங்க எண்ணுங்க பார்க்கலாம்."

பதினேழு வந்தது.

அன்று தொடங்கி எண்ணிய எண்களுக்குப் பயந்ததுபோல் வேறு எதற்கும் நான் பயந்ததில்லை. நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை வருவார்கள். பதினாறு. பதினாறு. பதினான்கு. ஐந்து நாள் மருந்து, ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது, ஒரு பாட்டிலின் விலையே எங்கள் பட்டறையின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டும். சாந்தாமணி தன் வளையல்களைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்ததைப் பார்க்காதவன்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பதினொன்று ஆனது. நர்ஸ் வருவதற்கு முன்பு நான் தனியாக எண்ணிப் பார்ப்பேன். சாந்தாமணி என் உதட்டைப் பார்த்துக்கொண்டு தானும் கூடவே எண்ணுவாள். நான் நின்ற பிறகும் அவள் இரண்டு மூன்று எண் கூடுதலாகச் சொல்லுவாள், அது எனக்குச் சேர்ந்துவிடும் என்பதுபோல.

சனிக்கிழமை மத்தியானம் ஏழு வந்தது. டாக்டர், "இனிமே மிஷின் மூச்சு விடட்டும், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். தொண்டைக்குள் குழாய் வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் கிடைத்தது. சிலுவை அடையாளம் போட நினைத்தேன். கை எழவில்லை. சாந்தாமணி புரிந்துகொண்டு என் வலது கையைத் தன் கையால் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனாள். நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். அடுத்து இடதா வலதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தவித்துப்போய் என்னைப் பார்த்தாள். அதற்குள் ஊசி போட்டுவிட்டார்கள்.

கண் விழித்தபோது என் உடம்பில் இமைகள் மட்டுமே எனக்குச் சொந்தமாக இருந்தன. மூச்சு விடுவது மிஷின், உணவு மூக்குக் குழாய் வழியாக, திரும்பிப் படுக்க இரண்டு நர்ஸ்கள் வேண்டும். ஆனால் காது நன்றாகக் கேட்டது. தொட்டால் தெரிந்தது, கூடுதலாகவே தெரிந்தது. போர்வை உரசினால் கால் எரிந்தது. உள்ளே நான் முழுசாக விழித்திருந்தேன். இது பலருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். அந்தக் கட்டிலில் கிடப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். "தாங்குமா தெரியலை" என்று கால்மாட்டில் நின்று பேசாதீர்கள்.

செபம் சொல்லலாம் என்றால் அதற்கும் வழி இல்லாமல் போனது. மங்கள வார்த்தை செபம், எங்கள் வீட்டுக் குழந்தைகள் பேசத் தொடங்கும்போதே கற்றுக்கொள்வது, அதன் கடைசியில் இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும் என்று மாதாவைக் கேட்போம். நாற்பது வருடமாக அதைச் சொல்லியிருக்கிறேன். லாரி ஹெட்லைட்டுக்கு ஒயர் மாட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டிலில் 'மரண வேளை' என்ற இடம் வந்ததும் செபம் அங்கேயே அறுந்துபோகும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன், அதே இடத்தில் நிற்பேன். ஒரு செபத்தைக்கூட முடிக்க முடியாமல் நாள் முழுக்க அதிலேயே சிக்கிக் கிடந்தேன்.

பார்வையாளர்களுக்குக் காலை பதினொன்றுக்குப் பத்து நிமிடம், மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம். முதலில் சாந்தாமணி வருவாள், பிறகு அக்கா. எனக்கு அம்மா இல்லை. பிலோமினா அக்காதான் வளர்த்தவள். ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பையோடு வந்தாள். அதிலிருந்து சூசையப்பர் படம் ஒன்றை எடுத்தாள். பட்டறையில் இருக்கும் படம் இல்லை, வேறு. அதை மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியில் நூலால் கட்டி, என் முகத்தை மெதுவாகத் திருப்பி, படம் என் கண்ணுக்கு நேராக வரும்படி வைத்தாள்.

"உன்ற பேரு கொண்ட சாமிடா. அவரு பாத்துக்குவாரு."

பிறகு சூசையப்பர் பிரார்த்தனையைத் தொடங்கினாள். அவருடைய பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்ளும் நீண்ட செபம் அது. தச்சுத் தொழிலாளி, குடும்பத் தலைவர், ஏழைகளின் துணை என்று போய்க்கொண்டிருந்தவள், மரிக்கிறவர்களுக்கு அவரே பாதுகாவலர் என்ற இடத்துக்கு வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூசையப்பர் தொழிலாளர்களுக்கு மட்டும் பாதுகாவலர் இல்லை. நல்ல மரணத்துக்கும் அவர்தான். எங்கள் ஊரில் சாகக் கிடப்பவர் வீட்டுக்குப் போனால் அவரைத்தான் கூப்பிடுவோம். நானே எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு அதைச் சொல்லியிருக்கிறேன்.

படத்தை உற்றுப் பார்த்தேன். அதில் ரம்பமும் இல்லை, உளியும் இல்லை. அவர் ஒரு படுக்கையில் கிடக்கிறார். ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் இயேசு. அது சூசையப்பர் சாகும் படம்.

என் தலைமாட்டில் மிஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடி வந்தார். நாடித்துடிப்பு நூற்று நாற்பது. அக்காவை வெளியே போகச் சொன்னார்கள். படம் அங்கேயே தொங்கியது. என் முகமும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. இமையை மூடிக்கொள்ளலாம், மூடினால் இன்னும் பயம். திறந்தால் அவர்.

இரண்டு நாள் இப்படியே. அக்கா உள்ளே வந்து செபத்தைத் தொடங்கினால் துடிப்பு ஏறும். அவள் போனபின்பும் இறங்காது. இந்த வியாதி இதயத்தை ஓட்டும் நரம்புகளையும் பிடிக்கலாம், அப்படியானால் ஆபத்து என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. அதைக் கேட்டு இன்னும் ஏறியது. செவ்வாய்க்கிழமை, "இன்னையிலருந்து விசிட்டர்ஸ் வேண்டாம், யாரும் உள்ள வர வேண்டாம்" என்றார். யாரும் வராமல் அந்தப் படத்தோடு தனியாக விடப்போகிறார்கள் என்பதைக் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாந்தாமணி டாக்டரை மறித்து நின்றாள். "அம்மா, இன்னைக்குப் பொழுதோட மட்டும் ஒருக்கா விடுங்க. இவரு என்னமோ சொல்லணும்னு பாக்கறாரு. நான் கண்ணைப் பாத்துட்டுத்தான் நிக்கறேன்."

"எப்படிம்மா சொல்வாரு?"

"அதுக்குத்தானுங்க யோசனை பண்ணிட்டிருக்கேன்."

மாலை ஐந்துக்கு அவள் ஒரு எக்ஸ்ரே உறையோடு வந்தாள். அதன் பின்பக்கத்தில் பேனாவால் பெரிது பெரிதாக எழுதியிருந்தாள். மேலே உயிரெழுத்து பன்னிரண்டு, கீழே மெய்யெழுத்து பதினெட்டு. மொத்த எழுத்துக்கும் இடம் இல்லை என்று தானே யோசித்துப் பிரித்திருக்கிறாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். "நான் வெரலு வெச்சுட்டே வாரேன். நீங்க நெனக்கற எழுத்து வந்தா கண்ணை மூடுங்க. சரிங்களா?"

கண்ணை மூடித் திறந்தேன்.

அ, ஆ, இ, ஈ என்று விரல் நகர்ந்தது. 'எ'வில் மூடினேன். அடுத்து மெய்யெழுத்துகளில் 'ட்'. பிறகு மறுபடி உயிர் வரிசையில் 'உ'. அவள் உதடு அசைத்துச் சேர்த்துப் படித்தாள். "எ... ட்... உ. எடு. எடுங்கறீங்களா? எதைங்க எடுக்கறது?"

போர்வையை எடுத்தாள். நான் கண்ணை மூடவில்லை. தலையணையைத் தொட்டாள், கைக்கு அடியிலிருந்த துண்டை எடுத்தாள். பத்து நிமிடம் முடியப்போகிறது. நர்ஸ் வாசலில் நின்று கையசைத்தார். சாந்தாமணி சட்டென்று குனிந்து, தன் கன்னத்தை என் தலையணையில் வைத்து, என் கண் பார்க்கும் திசையில் தானும் பார்த்தாள்.

"இவரையா?"

மூடினேன். இறுக மூடினேன்.

"உங்க சாமியவா எடுக்கச் சொல்றீங்க?"

திரும்பவும் மூடினேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. நூலை அவிழ்த்துப் படத்தை எடுத்து, ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்தாள். படுத்திருப்பவரைப் பார்த்து அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். "சரி, அவரு எங்கூட இருக்கட்டுங்க. என்ற பையில கருப்பணசாமி துன்னூறு இருக்குது, அதோட இருக்கட்டும்" என்று கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். நர்ஸ் மிஷினைப் பார்த்தார். நூற்று முப்பது. நூற்றுப் பதினெட்டு. சாந்தாமணியை வெளியே அனுப்பாமல் அவரும் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறு.

வரக் கூடாது என்ற உத்தரவு மறுநாள் காலையே நீங்கியது, சாந்தாமணிக்கு மட்டும்.

வெளியே அக்கா அழுதது எனக்கு உள்ளே கேட்டது. "சூசையப்பரையே வேண்டாங்கறானா? விசுவாசம் போயிருச்சா இவனுக்கு?" சாந்தாமணி அவளுக்கு என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

அடுத்த பயம் வியாழக்கிழமை வந்தது. வாய்வழிக் குழாய் நீண்ட நாள் இருக்கக் கூடாதாம். கழுத்தில் சின்னத் துளை போட்டு அதன் வழியாக மிஷினை மாட்ட வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பு அக்கா எங்கள் பங்குச் சாமியாரை நாமக்கல்லிலிருந்து வரவழைத்திருந்தாள். அவர் கையில் சின்ன எண்ணெய்ச் சிமிழ். நோயில் பூசுதல் என்று இப்போது சொல்கிறோம். எங்கள் அப்பா காலத்தில் அதற்கு அவஸ்தை பூசுதல் என்று பெயர். அது நடந்தால் ஆள் தேறமாட்டார் என்பது ஊர்ப் பேச்சு. சிமிழைப் பார்த்ததும் என் காதுக்குள் துடிப்பு கேட்டது.

சாந்தாமணி சாமியாருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "ஏனுங்க சாமி, இது சாகப்போறவங்களுக்குப் பண்றதுங்களா? அப்படின்னா வேண்டாங்க. கோவிச்சுக்காதீங்க."

சாமியார் சிமிழைக் கீழே இறக்கிப் பிடித்தார். அவளிடம் சொல்வதுபோல எனக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். "இல்லம்மா. நோயில இருக்கற யாருக்கும் செய்யலாம். போன மாசம் கண் ஆபரேஷனுக்குப் போன ஒருத்தருக்குச் செஞ்சேன், இப்ப பேப்பர் படிச்சுட்டிருக்காரு. பலத்துக்காகத்தான் இது."

"நெசமாங்களா?"

"நிஜமா. அவருகிட்டயே கேட்டுட்டுச் செய்யறேன்."

எனக்கு என்ன செய்யலாம் என்று அதுவரை யாரும் என்னிடமே கேட்டதில்லை. அவர் குனிந்து, "சூசை, பூசட்டுமா?" என்றார். ரொம்ப நேரம் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அவர் காத்திருந்தார். பிறகு மூடினேன்.

நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பட்டது. என்னால் அசைக்க முடியாத கையில் அவருடைய கட்டைவிரலின் சூடு தெரிந்தது. பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்தச் சில நிமிடம் பயத்தைத் தவிர இன்னொன்றும் என்னோடு இருந்தது.

போகும்போது சாந்தாமணி கைப்பையைத் திறந்து படத்தை அவரிடம் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "சூசையப்பர் சாகும்போது ஒரு பக்கம் மாதா, ஒரு பக்கம் ஆண்டவர் இருந்தாங்கன்னு நம்பிக்கை. அதனாலதான் அவரை நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர்ங்கறோம். யாரும் தனியா இருக்கக் கூடாதுங்கறதுதான்ம்மா அதுல விஷயம்" என்றார்.

"அப்ப பக்கத்துல ஆள் இருக்கறதுக்குன்னு சொல்லுங்க. அது நான் இருக்கறனுங்களே" என்றாள்.

கழுத்துத் துளைக்குப் பிறகு வாயிலிருந்து குழாய் போனது. ஆனாலும் குரல் வரவில்லை. உடம்பில் ஒரு நூலளவும் முன்னேற்றம் இல்லை. டாக்டர், "இதை மேடுன்னு நெனச்சுக்கோங்க. ஏறி முடிஞ்சுது, சமமா கொஞ்சநாள் போகும், அப்புறம்தான் எறக்கம்" என்றார். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சம நிலத்தில்தான் நான் உடைந்துபோனேன். எழுத்து அட்டையில் ஒரு நாள், செபம் வரவில்லை என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அதைச் சொல்லவே ஒரு முழுப் பார்வை நேரம் ஆனது.

மறுநாள் பதினொன்றுக்கு அவள் என் செபமாலையோடு வந்தாள். என் விரல்களுக்கிடையே அதை வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, கூச்சத்தோடு, தாழ்ந்த குரலில் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லத் தொடங்கினாள். தொடக்கம் முதல் தப்பில்லாமல். கீரை ஆய்ந்துகொண்டே பத்தொன்பது வருடம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை, அவளே துடைத்தாள். கடைசி வரி வந்தது. அவள் நின்றாள்.

"இப்பொழுதும்..." என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "வேண்டிக்கொள்ளும் ஆமென்" என்று முடித்துவிட்டாள்.

கண்ணை விரித்து அவளைப் பார்த்தேன்.

"அந்த ஒரு வார்த்தை எனக்கே ஆகலைங்க. இப்போதைக்கு 'இப்பொழுதும்' போதுமுங்க. மத்ததை ஊட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்."

அப்படியே ஐம்பத்து மூன்று மணிகளையும் அவளால் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாது. ஒரு வேளைக்குப் பத்து மணி. நானும் உள்ளுக்குள் அவளோடு சேர்ந்து சொன்னேன், அவள் விட்ட இடத்தை நானும் விட்டுவிட்டு. அது முறையான செபமா என்று யாரிடமும் கேட்கவில்லை. பல நாளைக்குப் பிறகு முதல்முறையாக ஒரு செபத்தை நான் முடித்தேன்.

இருபத்தோராம் நாள் பிசியோதெரபி செய்பவர் என் இடது கால் பெருவிரலைப் பிடித்து, "கீழ அழுத்துங்க" என்றார். வழக்கம்போல் முயன்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னொருக்கா." மறுபடி. அவர் போய் நர்ஸைக் கூட்டி வந்தார். எனக்கு எதுவும் தெரியவில்லை, அவர்கள் முகத்தில்தான் என் கால்விரல் அசைந்ததைப் பார்த்தேன். அதன்பின் மிஷினின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். முதல் நாள் அரைமணி நேரம் நானாக மூச்சு விட்டேன். மலையேறியதுபோல் வேர்த்தது. இரண்டாம் நாள் முடியாமல் திரும்ப மாட்டினார்கள், அன்று முழுக்க இனி அவ்வளவுதான் என்று கிடந்தேன். மூன்றாம் நாள் இரண்டு மணிநேரம். முப்பத்து நான்காம் நாள் மிஷினை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். துளையில் ஒரு மூடியை வைத்துப் பேசச் சொன்னார்கள். சாந்தாமணி காத்திருந்தாள். "தண்ணி" என்றேன். வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் அக்காவும் நானும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினோம். அவள் எனக்கு ராகிக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் பிடிக்க விரல்கள் இன்னும் பழகவில்லை.

"அது சாவுப் படம்னு நீ கண்டுபுடிச்சுட்டன்னு எனக்கு அன்னைக்கு அழுவும்போதே தெரியும்டா" என்றாள் திடீரென்று. "மொத நாளே ஒரு டாக்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, நம்பிக்கை வெச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. நான் சாந்தாகிட்டகூடச் சொல்லலை. நல்ல சாவாவது கெடைக்கட்டும்னுதான் அந்தப் படத்தைத் தேடி வாங்கிட்டு வந்தேன். உன்னை வளத்த கையில நானே..."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. "அக்கா, நான் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றேன். அவள் கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த ஐந்து வாரமும் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பாயில் படுத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். உள்ளே விடாத பிறகும் ஊருக்குப் போகவில்லை. சர்க்கரை நோய்க்காரி, வேளைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டாள். "கூழு ஆறுதுக்கா" என்றேன். அவள் ஸ்பூனை எடுத்தாள்.

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறேன். போன வாரம் பரிசோதனைக்குச் சேலம் போயிருந்தபோது டாக்டர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். அதே வார்டில் அதே வியாதியோடு ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு தறிக்காரர் வந்திருக்கிறார், மிஷினில் பன்னிரண்டு நாள், அவருடைய மனைவி இடிந்துபோயிருக்கிறார், நீங்கள் ஒருதடவை நடந்து வந்து அவர்கள் கண்ணில் பட்டால் போதும் என்றார். வார்டு கதவு திறந்ததும் அந்த மருந்து வாசனையில் நான் அப்படியே நின்றுவிட்டேன். திரும்பிவிடலாமா என்று சாந்தாமணியைப் பார்த்தேன். அவள் வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

அவர் விழித்தபடி கிடந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்: எத்தனை நாள் கிடந்தேன், எந்த நாளில் விரல் அசைந்தது, மிஷினைக் குறைத்த இரண்டாம் நாளே அதைத் திரும்ப மாட்டியது, எல்லாம். "பயமாத்தான் இருக்குமுங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றேன். அவர் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. அவருடைய மனைவி துடைத்தார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தச் சாமிக்குங்க வேண்டுனீங்க? சொல்லுங்க, எவ்வளவு தூரம்னாலும் போய் வேண்டிக்கறனுங்க."

வேளாங்கண்ணி என்று சொல்லியிருக்கலாம். அக்கா அந்த மாதாவுக்கு எனக்காக நேர்ந்துகொண்டது உண்மை. சாந்தாமணி கருப்பணசாமிக்கு நேர்ந்துகொண்டதும் உண்மை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பாதி உண்மையைச் சொல்ல முடியவில்லை.

"நானா எதையும் வேண்டலைங்கம்மா. வேண்ட முடியலை. பயந்துட்டே கெடந்தேன். எனக்குப் பதிலா இவங்க வேண்டுனாங்க" என்றேன்.

அந்த அம்மா சாந்தாமணியைப் பார்த்தார். பிறகு என்னை. "அப்ப எங்க ஊட்டுக்காரருக்கு நீங்க வேண்டுவீங்களா?"

"அவரு பேரு என்னங்க?"

"பழனிச்சாமிங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் செபமாலையில் அந்தப் பெயரையும் சொல்கிறோம். சாந்தாமணிதான் ஞாபகப்படுத்துகிறாள். இன்று காலை போன் செய்தோம். பத்தொன்பதாம் நாள். இன்னும் மிஷினில்தான் இருக்கிறார்.